காற்றைத் திறந்தவன்

பிலோமி,

நேற்று செம்பூரில் உன் சித்தி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நின்றேன். நீ உள்ளேதான் இருந்தாய். உன் செருப்பு வெளியே கிடந்ததைப் பார்த்தேன். எனக்குக் காதுதான் மந்தம், கண் இன்னும் அவிந்துபோகவில்லை. உன் சித்தி கதவைப் பாதி திறந்து, "அவ பேசமாட்டேங்கா அத்தான். ரெண்டு நாள் விட்டுப் பிடிங்க" என்றாள். எனக்குக் கேட்கவேண்டுமே என்று அவள் கத்த, நானும் பதிலுக்குக் கத்த, மாடிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பெற்ற மகளைப் பார்க்கப் போனவன் வாரண்டோடு வந்த போலீஸ்காரன் மாதிரி நின்றேன். உனக்காக மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய நேந்திரம்பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பழத்தையாவது தின்றாயா?

உனக்குக் கடிதம் எழுதவேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. தாராவிக்கும் செம்பூருக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? ஆனால் நான் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சத்தம் கூடிவிடும். சத்தம் கூடினால் நீ எழுந்து போய்விடுவாய். அந்தக் கோபம் என்னிடமிருந்து உனக்கு வந்ததுதான், அதற்காக உன்னை ஏச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்தாம் வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் சிரித்துக்கொள். இதை உன் சித்தி படித்தாலும் சரி, குழாயடியில் உனக்கு அந்தச் சேதியைச் சொன்ன புண்ணியவதி படித்தாலும் சரி. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் உனக்கும் சூசைக்கும் இரண்டாவது கல்யாண ஓலை வாசித்தார். அன்று சாயங்காலம் நீ தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒருத்தி, "ஒங்க அண்ணன் மேல தீய வச்சவனையா கெட்டிக்கிடப் போற?" என்று கேட்டிருக்கிறாள். நீ குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து என்னிடம், "நெசமாப்பா?" என்றாய். நான் ஆமாம் என்றேன். "ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?" என்றாய். அதற்கும் ஆமாம் என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதையும் வாசித்துவிட்டால் பிறகு கல்யாணம்தான். உனக்கு வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. சனிக்கிழமையே சாமியாரிடம் போய் நிறுத்திவிடுகிறேன். ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படாதே. ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு என் சத்தம் போதும். ஆனால் முடிவெடுக்கும் முன் நடந்ததை முழுசாகத் தெரிந்துகொள். அந்த யார்டில் இருந்தவன் வாயிலிருந்து கேள்.

என் வேலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? என் பனியனைத் துவைக்கும்போது, "என்னப்பா, இடியாப்பத் தட்டு மாதிரி இருக்கு" என்பாய். அவ்வளவுதான் தெரியும். நாங்களும் வீட்டில் சொன்னதில்லை. தாருகானாவில் கப்பல் உடைக்கிற யார்டில் கேஸ் கட்டர் என்றால், வெட்டுகிறவன். கையில் பித்தளை டார்ச். அதற்கு இரண்டு ரப்பர் குழாய்கள் வரும். ஒன்றில் எரிகிற கேஸ், மற்றதில் ஆக்சிஜன். முதலில் நீலச் சுடரை இரும்பின் ஓரத்தில் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இரும்பு சிவந்து, ஈரம் பட்ட மாதிரி பளபளக்கும். அந்த நேரம் பார்த்து ஆக்சிஜன் பிடியை அழுத்தினால் தகடு கிழிந்துகொண்டே போகும், அடியில் பொறி கொட்டும். உண்மையைச் சொன்னால் இரும்பை வெட்டுவது நெருப்பு இல்லை, அந்தக் காற்றுதான். இது எனக்குத் தெரியும், உன் அண்ணன் மிக்கேலுக்குத் தெரியும், சூசைக்கும் தெரியும். இரும்பையே எரிக்கிற காற்று துணியை என்ன செய்யும் என்று மட்டும் எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மேல்தளத்தில் வெட்டுவது வெயில் என்றாலும் சமாளிக்கலாம், கடல் காற்று வரும். கப்பலின் அடியில் அறை அறையாகத் தொட்டிகள் இருக்கும், அதுதான் நரகம். உள்ளே போக ஒரு ஓட்டை, தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நுழையவேண்டும். உள்ளே முட்டிபோட்டு வெட்டவேண்டும். நாலு பக்கமும் இரும்பு, மேலே சித்திரை வெயில், உள்ளே நம் தீ, பழைய பெயிண்ட் எரிகிற புகை. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டும், நெஞ்சு அடைக்கும். அப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிற ஜோடிக்காரனைப் பார்த்து, "காத்து விடுல" என்று கத்துவோம். அவன் இன்னொரு பாட்லாவில் மாட்டியிருக்கிற குழாயை உள்ளே தள்ளி, சாவியைத் திருப்புவான். பாட்லா என்றால் சிலிண்டர், ஆக்சிஜன் இருக்கிற கறுப்பு சிலிண்டர். புஸ்ஸென்று குளிர்ச்சியாக வரும். முகத்தில் காட்டுவோம், பனியனுக்குள் விட்டுக்கொள்வோம். உயிர் திரும்பி வரும், போ. ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறவனுக்குக் கொடுக்கிற காற்றுதானே இது, இதைவிடச் சுத்தமான காற்று பம்பாயில் எங்கே கிடைக்கும் என்பது எங்கள் எண்ணம். தமிழன், மராட்டிக்காரன், வடக்கத்திப் பையா எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நான் எத்தனையோ பேருக்குத் திறந்துவிட்டிருக்கிறேன். எனக்கும் எத்தனையோ பேர் திறந்துவிட்டிருக்கிறார்கள். எங்களுக்குள் அது ஒரு மரியாதை. காற்று கேட்டும் விடாதவனோடு யாரும் ஜோடி சேரமாட்டார்கள். "கட்டையில போறவன், காத்துக்கூட விடமாட்டான்" என்று ஏசுவார்கள்.

உன் அண்ணனும் சூசையும் ஜோடி. ஒருவன் உள்ளே இருந்தால் மற்றவன் வாசலில். அந்த வருஷம் நீ கான்வென்ட் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் அவர்களைச் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டாய். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பகார், அதாவது சம்பளம், வாங்கின அன்று ஒரே சைக்கிளில் சினிமாவுக்குப் போவார்கள். மிக்கேல் மிதிக்கமாட்டான், பின்னால் உட்கார்ந்துகொண்டு பாடுவான். சூசைதான் மிதிப்பான். "கழுத, நீ எறங்கி மிதிச்சா என்னல?" என்று நான் கேட்டால், "அவனுக்குப் பாட வராதுப்பா" என்பான். உன் அம்மா அவனை மில்லில் சேரச் சொல்லி எவ்வளவு கெஞ்சினாள்! பஞ்சுத் தூசி ஆகாது என்று சொல்லிவிட்டு யார்டுக்கு வந்தான். ஆமாம், தூசி ஆகாதாம் அவனுக்கு.

அன்று சண்டைக் காலத்துக் கப்பல் ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தோம். நான் மேல்தளத்தில். மத்தியானச் சோறு முடிந்து அவன் தொட்டிக்குள் இறங்கினான். சூசை வாசலில் உட்கார்ந்தான். உள்ளே இருந்து, "ஏல சூசை, வேகுதுல, காத்து விடு" என்று கேட்டிருக்கிறான். சூசை குழாயைத் தள்ளித் திறந்துவிட்டான். மிக்கேல் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, "குத்தாலம் மாதிரி இருக்குல!" என்று சிரித்திருக்கிறான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கியிருக்கிறான். பிறகு டார்ச்சைப் பற்றவைத்தான். அவ்வளவுதான். நான் மேலே இருந்து கேட்ட சத்தத்தை, ஏதோ தகடு விழுகிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தபோது சூசை அந்த ஓட்டைக்குள் தலைகீழாகப் பாதி உடம்பை விட்டிருந்தான். அவன் காலைப் பிடித்து இரண்டு பேர் இழுத்தார்கள். அவன் வெளியே வந்தபோது இரண்டு கையிலும் உன் அண்ணனைப் பிடித்திருந்தான். சூசைக்கு முழங்கைவரை சட்டை எரிந்துகொண்டிருந்தது, அவன் விடவில்லை. நாங்கள்தான் சாக்கைப் போட்டு அணைத்து, விரலைப் பிரித்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை, நீயும் கேட்காதே.

அண்ணனைத் தீயிலிருந்து இழுத்தவன் என்றுதான் உனக்குச் சூசையைத் தெரியும். அவன் கையில் அந்தச் சுருங்கிப்போன தோலைப் பார்த்துத்தான் உனக்கு அவன்மேல் மனசு போனது. எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, நான் உன் அப்பன். இப்போது அதே கைதான் காற்றைத் திறந்தது என்று தெரிந்ததும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய். போகாமல் என்ன செய்வாய்? இரண்டும் நிஜம் மக்கா. திறந்ததும் அவன்தான், இழுத்ததும் அவன்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய முடியாது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில், இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். அப்போது என்னை மாமா என்று கூப்பிடமாட்டான், அண்ணாச்சிதான். "அண்ணாச்சி, நாந்தான் தொறந்தேன். அவன் கேட்டான், நாந்தான் தொறந்தேன்" என்றான். யார்டிலிருந்து வந்த மேலதிகாரி சாயபு அதற்குள் எங்களிடம் சொல்லியிருந்தார், ஆக்சிஜன் துணியில் ஊறும், ஊறின துணியும் பெட்ரோலும் ஒன்று என்று. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் எங்களுக்குச் சொன்னார். பிள்ளை வெந்து கிடக்கும்போது வந்து சொன்னார்!  யாரைக் கேட்பது? முன்னால் நின்றவன் சூசை. ஓங்கி அறைந்தேன். அவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. "இன்னும் அடிங்க அண்ணாச்சி" என்றான். உன் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவளும் தடுக்கவில்லை.

பிறகு எப்படி அவனுக்கே உன்னைக் கொடுக்கச் சம்மதித்தேன், அதுவும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்றுதானே கேட்கிறாய்? ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேரும் கூடி உன்னை ஏமாற்றவில்லை. எங்கள் கூறுகெட்டதனத்தைக் கேள். அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், பொம்பளைகள் பேசாமலா இருப்பார்கள் என்று நான் நினைத்தேன். சூசையே உன்னிடம் சொல்லியிருப்பான் என்று அம்மா நினைத்தாள். பெண் கேட்டு வந்த அன்று சூசை என்னிடம், "பிலோமிக்குத் தெரியும்லா மாமா?" என்று கேட்டான். "இந்த வீட்டில தெரியாதது யாருக்குல?" என்றேன் நான். அவன் நம்பிவிட்டான். மிக்கேலின் பெயரை எடுத்தாலே எங்கள் வீட்டில் ஒருவர் எழுந்து வெளியே போவார், மற்றவர் அடுப்பைக் கிளறுவார். அப்படிப்பட்ட வீட்டில் யார் யாருக்கு என்ன சொல்லியிருக்க முடியும்? நீ சூசையைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன ராத்திரி உன் அம்மா அழுதாளே, சந்தோஷம் என்று நினைத்தாய். அவள் என்னிடம் சொன்னது இது: "தெரிஞ்சே கெட்டுதாளே, என் மவளுக்கு எம்புட்டுப் பெரிய மனசு. எனக்கு அந்த மனசு வரலயே." உனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துத்தான் அவள் தன்னை அடக்கிக்கொண்டாள். நீ பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவளுக்கு இரண்டாவது தடவையாக இடி விழுந்தது.

அம்மா அவனை மன்னித்துவிட்டாள் என்று நான் உனக்குப் பொய் எழுதமாட்டேன். அவன் வந்தால் சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை பார்த்து நான் கண்டதில்லை. அவனும் அதை எதிர்பார்த்ததில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வாரேன் அத்த" என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது உன்னைப் பார்க்க என்று ஊர் பேசியது. உனக்காக வர ஆரம்பிப்பதற்கு ரொம்ப நாள் முன்பே அவன் வந்துகொண்டிருந்தான். தண்டனை வாங்க வருகிறவன் மாதிரிதான் வருவான்.

இன்னொன்று கேள். அவனை யார்டில் காத்துக் கஞ்சன் என்று கூப்பிடுவார்கள் இல்லையா? உனக்கும் அந்தப் பெயர் எப்படியோ காதில் விழுந்து, ஒருநாள் வீட்டில் வைத்தே, "கஞ்சனைக் கெட்டினா எனக்குச் சேலைகூட வாங்கித் தரமாட்டாரே" என்று சீண்டினாய். எல்லோரும் சிரித்தோம், அவன் மட்டும் சிரிக்கவில்லை. உனக்கு ரோஷம் வந்து உம்மென்று இருந்தாய். அந்தப் பெயர் எதனால் வந்தது தெரியுமா? அவன் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி தொங்குமே, டிரங்குப் பெட்டிச் சாவியா என்று கேட்டாயே, அது ஆக்சிஜன் பாட்லாவின் சாவி. மிக்கேல் போன பிறகு அவன் டார்ச்சைக் கையில் எடுக்கவில்லை. தொட்டி வாசலில் மட்டும் உட்காருவான். தொட்டி வேலை எங்கே நடந்தாலும் அவன்தான் வாசல். டார்ச்சுக்குப் போகிற குழாயைத் தவிர வேறு எதற்கும் சாவி போடமாட்டான். உள்ளே இருந்து கெஞ்சுவார்கள், ஏசுவார்கள். உன் அண்ணன் பெயரைச் சொல்லியே ஏசியவர்களும் உண்டு: "அன்னைக்கு அவனுக்கு மட்டும் அள்ளி அள்ளி விட்டியே, எங்களுக்கு விட ஒனக்கு வலிக்கா?" என்று.  "வெளிய வா, வந்து மூச்சு விடு, அப்புறம் போ" என்பான். தண்ணீர் வாளியை இறக்குவான், முகம் கழுவச் சொல்வான். வேலை தாமதமாகிறது என்று முகாதம், அதாவது மேஸ்திரி, ஒரு தடவை கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். அப்போதும் சாவியைக் கொடுக்கவில்லை. அவன் வாசலில் உட்கார்ந்த தொட்டியில் இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் சட்டை கருகவில்லை.

நீ போன மறுநாள் அவன் வீட்டுக்கு வந்தான். குழாயடிச் சங்கதி அவன் காதுக்கும் போயிருந்தது. கயிற்றிலிருந்து அந்தச் சாவியை அவிழ்த்து என் முன்னால் பாயில் வைத்தான். "மாமா, நான் ஊருக்குப் போறேன். அவ மொகத்துல நான் இனிமே முழிக்கக்கூடாது. இத நீங்க யார்ட்டயாவது குடுத்திருங்க" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஓடிப்போறியால? நீ போனா நாளைக்கு அந்த வாசல்ல எவன் உக்காருவான்? எவனோ ஒரு பய காத்து கேப்பான், எவனோ தொறப்பான், எவனோ ஒரு தகப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவுல நிப்பான். எடுல சாவிய!" என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கத்துக் கோலி வீட்டுக்காரன் வந்து விசாரிக்கிற அளவுக்குக் கத்தினேன். அவன் அழுதுகொண்டே எடுத்துக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நீ சொல்லவேண்டியது.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். கல்யாணம் கட்டினால் சண்டை வரும். வராத வீடு எங்கே இருக்கிறது? நானும் உன் அம்மாவும் போடாத சண்டையா? குழம்பில் உப்பு கூடினதில் ஆரம்பித்து இரண்டு பேருடைய வம்சத்தையும் இழுத்துத்தான் முடிப்போம். அப்படி ஒருநாள் உனக்கும் வாய் மீறும். அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கிற பெரிய கல் உன் அண்ணனுடைய சாவுதான். அதை எடுத்து அவன் மேல் எறிந்துவிட்டால், பிறகு நீ எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தாலும் அவன் எழுந்திருக்கமாட்டான். அப்படி எறிந்துவிடுவேன் என்று உனக்குள் ஒரு சந்தேகம் இருந்தாலும் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடு. அது அவனுக்குச் செய்கிற உபகாரம். இரக்கப்பட்டும் கட்டாதே, அண்ணனுக்காகவும் கட்டாதே. செத்தவனுக்காக யாரும் யாரோடும் குடித்தனம் நடத்த முடியாது. உனக்கு அவன் வேண்டுமா என்று மட்டும் பார். என் மூஞ்சிக்காகவோ உன் அம்மா கண்ணீருக்காகவோ தலையாட்டினாய் என்றால், அதற்கு நீ செம்பூரிலேயே இருந்துகொள்ளலாம்.

இனி, நீ என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதைச் சொல்கிறேன். அண்ணன் கடைசியில் ஏதாவது பேசினானா என்று கேட்பாய். ஒன்றும் பேசவில்லை, மயக்கத்திலேயே போய்விட்டான் என்று சொல்லி வந்தேன். பேசினான் மக்கா. இதை நான் உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் நான் அவன் பக்கத்தில் இருந்தேன். அவனுக்கு மூச்சு இழுத்தது. நர்ஸ் ஒருத்தி ஒரு கறுப்பு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கட்டில் ஓரம் நிறுத்தினாள். யார்டில் இருக்கிற அதே பாட்லா, கழுத்தில் மட்டும் வெள்ளை. அவள் குழாயை மாட்டினாள், அவன் முகத்தில் மூடியை வைத்தாள். சாவியைப் போட்டுத் திருப்பப் போனாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பாய்ந்து அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். "தொறக்காத, தொறக்காத, அது தீ!" என்று தமிழில் கத்துகிறேன். அவளுக்கு என்ன புரியும்? பாவம், மராட்டிக்காரி. "பாபா, யே ஹவா ஹை" என்றாள். இது காற்று, உன் பிள்ளைக்கு இது வேண்டும் என்று எனக்குப் புரிய வைக்கப் பார்த்தாள். நான் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் உன் அண்ணன் வாயைத் திறந்தான். "அப்பா, காத்து" என்றான். குரலே இல்லை, மூடிக்குள் உதடு அசைந்தது, அவ்வளவுதான். என் செவிட்டுக் காதுக்கு அது எப்படிக் கேட்டது என்று தெரியாது. "முடியலப்பா. கொஞ்சம் காத்து விடுங்க" என்றான். அந்தக் காற்று அவனை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும், அவன் உடம்பைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனாலும் சாவியை நர்ஸிடம் கொடுக்கக்கூட எனக்குப் பொறுக்கவில்லை. நானே போட்டுத் திருப்பினேன். பிலோமி, நான்தான் திறந்தேன். பிள்ளை காற்று கேட்டான், நான் திறந்தேன். அவன் கொஞ்ச நேரம் நல்லபடியாக மூச்சு விட்டான். பிறகு அதுவும் நின்றது.

வெளியே வந்தபோது சூசை வராந்தாத் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், நான் அறைந்த கன்னம் வீங்கியிருந்தது. நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அந்தத் தொட்டி வாசலில் அன்று நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். நீ உட்கார்ந்திருந்தாலும் செய்திருப்பாய். உன் அண்ணன் மேல் உயிரை வைத்திருந்த யாரும் செய்திருப்பார்கள். அன்றிலிருந்து எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. துக்கம் இருக்கிறது, அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதல் ஓலை வாசித்தபோதும் இரண்டாவது ஓலை வாசித்தபோதும், இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். அந்தக் கோயிலில் எழுந்து சொல்ல யாருக்காவது உரிமை இருந்தால் அது எனக்கும் உன் அம்மாவுக்கும்தான். நான் ஆண்கள் பக்கமிருந்து அவளைப் பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள், எழுந்திருக்கவில்லை. இப்போது அந்த உரிமை உனக்கும் இருக்கிறது. வருகிற ஞாயிறு அவர் மூன்றாவது தடவையாக நிறுத்துவார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிச் சங்கதி வந்தபோது படிக்காமல் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.  கடைசியில், சூசை இன்றைக்கு வருவானா என்று கேட்டாள். வருவான் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்தா சொல்லுங்க, அவன் மொகத்த நான் ஒருக்கப் பாக்கணும்" என்றாள். பிறகு உனக்கு இதையும் எழுதச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம கோயில்ல பொம்பளைக பக்கம் ஏம்பக்கத்துல அவளுக்கு எடம் போட்டு வச்சிருப்பேன். வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, வேற ஒருத்தியயும் அங்கன உக்கார விடமாட்டேன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

உன் அப்பா